ஈவ்லின்: போகாமையின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதையின் வரலாற்றை எழுதப் புகுவோர், 'ஒன்றும் நிகழாத கதை' எப்போது, எதனால் தோன்றியது என்னும் வினாவைக் கடந்து செல்ல இயலாது. அவ்வினாவிற்கு விடை தேடுவோர் நிற்கவேண்டிய இடங்களுள் ஒன்று ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஈவ்லின்'. 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் டப்ளின் நகரத்து வார இதழ் ஒன்றில் அக்கதை வெளிவந்தது. அப்போது ஜாய்ஸுக்கு வயது இருபத்திரண்டு. நான்கைந்து பக்கங்களுக்குள் அடங்கும் அக்கதையின் நிகழ்ச்சியைச் சில தொடர்களிற் சொல்லிவிடலாம். பத்தொன்பது வயது கடந்த ஒரு பெண், தன்னை மணப்பதாகச் சொல்லும் மாலுமி ஒருவனுடன் பியூனஸ் அயர்ஸ் நகருக்குப் புறப்பட இசைகிறாள். துறைமுகம் வரை வருகிறாள். கப்பலில் ஏறவில்லை. அவ்வளவே.

அவள் ஏன் ஏறவில்லை என்பதற்குப் பொதுவாக மூன்று தீர்ப்புகள் சொல்லப்படுவதுண்டு. கோழை என்பது ஒன்று. கடமை தவறாதவள் என்பது மற்றொன்று. ஏமாற்றுக்காரனிடமிருந்து தப்பினாள் என்பது மூன்றாவது. மூன்றும் ஒரு பிழையைப் பொதுவாகக் கொண்டுள்ளன: அவள் ஏதோ ஒன்றைத் தேர்ந்தாள் என்று அவை கருதுகின்றன. கதையை அது பிறந்த ஆண்டோடும் இடத்தோடும் சேர்த்து வாசித்தால், தேர்வதற்கு உரிய எதுவும் அவள் கையில் விடப்படவில்லை என்பது புலனாகும். அவளது உளமுடக்கம் குணக்குறை அன்று. அதற்கென ஒரு வரலாறு உண்டு. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதழும் கதையும்

கதை வெளிவந்த இதழின் பெயர் 'தி ஐரிஷ் ஹோம்ஸ்டெட்'. அது இலக்கிய ஏடு அன்று. ஹொரேஸ் பிளங்கெட் 1894இல் நிறுவிய வேளாண் கூட்டுறவு அமைப்பின் குரலாக விளங்கியது. பாற்பண்ணை, வெண்ணெய், விதை, கடன் சங்கம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளுக்கிடையே கதைக்கும் சிறிது இடம் ஒதுக்கியது. கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸல் அவ்விதழுக்காக ஜாய்ஸிடம் கதை கேட்டார். எளியதாகவும் நாட்டுப்புறச் சாயலுடனும் வாசகரை அதிரச் செய்யாததாகவும் இருத்தல் வேண்டும் என்றார். கைமாறாக ஒரு பவுன் தருவதாகவும், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் சொன்னார். ஜாய்ஸ் 'ஸ்டீபன் டீடலஸ்' என்னும் பெயரைப் பூண்டார்.

அவ்விதழின் பெருங்கவலைகளுள் ஒன்று குடிபெயர்வு. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அயர்லாந்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 82 லட்சம். 1901இல் அது 45 லட்சத்திற்கும் கீழே இறங்கியிருந்தது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சம் ஓய்ந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் மக்கள் கப்பலேறிக்கொண்டேயிருந்தனர். ஐரோப்பாவின் பிற நாடுகளினின்று ஆடவர் மிகுதியாக வெளியேறிய காலத்தில், அயர்லாந்திலிருந்து பெண்களும் ஏறத்தாழ ஆடவருக்கு இணையான தொகையில் வெளியேறினர். 1885க்கும் 1920க்கும் இடையே சென்றோருள் பெண்கள் மட்டும் ஏழு லட்சத்தை நெருங்குவர் என்பர். அவர்களுட் பெரும்பாலோர் மணமாகாத இளம்பெண்கள். ஆகவே கிராமத்தைக் காக்க விரும்பியோர் அப்பெண்களை நோக்கியே பேசினர். அயல்நாட்டு நகரங்களின் தீமைகளையும் வீட்டிலிருப்பதன் மேன்மையையும் கட்டுரையாகவும் கதையாகவும் எழுதினர்.

இப்பின்னணியில் 'ஈவ்லின்' கதையின் முடிவை நோக்குக. ஒரு பெண் கப்பலேறாமல் நின்றுவிடுகிறாள். இதழ் விரும்பிய முடிவும் அதுவே அன்றோ! ஆனால் அம்முடிவில் மகிழ்வதற்கு எதுவும் இல்லை. வீட்டின் மேன்மை எதுவும் அவளைத் தடுத்து நிறுத்தவில்லை. இரும்புக் கம்பியைப் பற்றிய கைகளும் வெளிறிய முகமுமாக அவள் நிற்கிறாள். வேளாண் ஏட்டின் வாசகர்கள் இதனை ஏற்கவில்லை. ஜாய்ஸின் மூன்று கதைகள் வெளியான பின், முறையீடுகள் வருவதாகக் கூறி ஆசிரியர் மேலும் கதை அனுப்ப வேண்டாமென்றார். போகாதே என்று ஓர் இதழ் சொல்லிக்கொண்டிருக்க, போகாமலிருத்தல் எத்தகையது என்பதை அதே பக்கத்தில் ஓர் இளைஞர் எழுதிக் காட்டிவிட்டார்.

வீடும் கூலியும்

கதையின் பெரும்பகுதி ஒரு சன்னலோரத்தில் நிகழ்கிறது. அந்திப் பொழுது. ஈவ்லின் அமர்ந்திருக்கிறாள், திரைச்சீலையின் தூசு மணம் மூக்கில் ஏறுகிறது. அறையிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். ஆண்டுக்கணக்காகத் தானே தூசு தட்டிவந்த பொருள்கள் அவை. இத்தனை தூசும் எங்கிருந்து வருகிறதென்று வியக்கிறாள்.

ஜாய்ஸ் அவளுடைய வரவுசெலவைத் துல்லியமாகவே தருகிறார். கடையொன்றில் வேலை, வாரக் கூலி ஏழு ஷில்லிங். அதனை முழுவதும் தந்தையிடம் கொடுத்துவிடுவாள். சனிக்கிழமை இரவு அவரோடு வழக்காடி, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிற்குரிய பணத்தைத் திரும்பப் பெறுவாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்தைக்கு விரைவாள். அவள் பொறுப்பில் விடப்பட்ட இரு சிறுபிள்ளைகளுக்குச் சோறிட்டுப் பள்ளிக்கு அனுப்புவதும் அவள் பணியே. இருபது ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். எனவே இக்கதைக்காக ஜாய்ஸுக்குத் தருவதாகச் சொன்ன ஒரு பவுன், கதைத்தலைவியின் ஏறக்குறைய மூன்று வாரக் கூலி ஆகும்.

அந்த வீட்டுச் சுவரில், உடைந்த ஆர்மோனியத்துக்கு மேலே மஞ்சளேறிய ஒரு பாதிரியாரின் நிழற்படமும், அதனருகே அருளாளர் மார்கரெட் மேரி அலகோக்குக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதிகளின் வண்ணப்படமும் தொங்குகின்றன. இவர் 1647 முதல் 1690 வரை வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி. இயேசுவின் திருஇருதய வழிபாட்டைப் பரப்பியவர். அவ்வழிபாட்டை மேற்கொள்ளும் இல்லங்களில் அமைதி நிலவும் என்பது அவ்வாக்குறுதிகளுள் ஒன்று. கருங்காலற்ற மிரட்டலும் பணச் சண்டையும் குடிகொண்ட அந்த இல்லத்தில் அமைதி எங்கே? இத்துறவியின் வாழ்க்கையில் வேறொரு செய்தியும் உண்டு. சிறுமியாக இருந்தபோது நோயால் முடங்கிச் சில ஆண்டுகள் படுக்கையிற் கிடந்த அவர், அன்னை மரியாளுக்கு ஒரு வாக்குக் கொடுத்த பின் எழுந்து நடந்தார் என்பர். அவருக்கு வாக்கு முடக்கத்தைத் தீர்த்தது. ஈவ்லினுக்கோ வாக்கே முடக்கமாயிற்று.

அவள் கொடுத்த வாக்கு, இயன்றவரை குடும்பத்தைச் சிதறாமற் காப்பேன் என்று தாயின் இறுதி நாளில் சொன்னது. தெருவில் ஓர் இசைப்பெட்டிக்காரன் வாசிக்கும் இத்தாலிய மெட்டு, அந்த இறுதி இரவை அவளுக்கு நினைவூட்டுகிறது. அன்று தாய் பித்தேறிய நிலையில் இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பப் பிதற்றினாள். அச்சொற்கள் ஐரிஷ் மொழியின் சிதைந்த ஒலிகள் என்று அறிஞர் பலர் கருதினர். பல பொருள்களும் கூறினர். எப்பொருளும் நிலைபெறவில்லை. இங்கே வரலாறு தெளிவாகப் பேசுகிறது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் ஐரிஷ் மொழி அறிந்தோர் ஏறத்தாழ ஏழில் ஒருவரே. டப்ளின் தெருக்களின் மொழி ஆங்கிலம். தாயின் இறுதிச் சொல் மகளுக்கு விளங்கவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் மகளைப் பிணித்து நிற்கிறது. பொருள் விளங்காத மொழியில் வந்து சேர்ந்த மரபுரிமை அது. மொழியை உயிரென மதிக்கும் நம்மனோர் இவ்விடத்தைக் கடந்து செல்ல இயலாது.

ஃபிராங்க் என்னும் ஐயம்

மாலுமி ஃபிராங்க் நல்லவனா? 1970களில் திறனாய்வாளர் ஹ்யூ கென்னர் இதனை வலுவாக ஐயுற்றார். டப்ளினின் நார்த் வால் துறையிலிருந்து பியூனஸ் அயர்ஸுக்குக் கப்பல் செல்வதில்லை, லிவர்பூலுக்கே செல்லும், ஆகவே அவன் சொன்னதனைத்தும் பொய் என்றார். அக்காலத்தில் பியூனஸ் அயர்ஸ் என்னும் பெயருக்குப் பெண்களைக் கடத்தி விற்கும் தொழிலின் கறையும் படிந்திருந்தது. அன்றியும், 1889இல் 'சிட்டி ஆஃப் டிரெஸ்டன்' என்னும் கப்பலில் ஏறத்தாழ 1,800 பேர் முகவர்களின் இனிய மொழிகளை நம்பி அந்நகருக்குச் சென்று பெருந்துயருற்ற செய்தி அயர்லாந்தில் நன்கு பரவியிருந்தது. மறுபுறம், தென் அமெரிக்கா செல்வோர் லிவர்பூல் சென்று கப்பல் மாறுவது வழக்கமே என்பதால் கென்னரின் முதற்சான்று முடிவானதன்று.

ஃபிராங்கைப் பற்றி நாம் அறிவதெல்லாம் ஈவ்லினின் நினைவு வழியாகவே. அன்பானவன், ஆண்மையுள்ளவன், திறந்த மனத்தினன் என்று அவள் எண்ணுகிறாள். மாதம் ஒரு பவுன் ஊதியத்தில் கப்பற் சிறுவனாகத் தொடங்கியதாக அவன் சொன்னதை நினைக்கிறாள். அவன் தன்னைக் காப்பாற்றுவான், வாழ்வு தருவான், ஒருவேளை அன்பும் தருவான் என்று எண்ணுகிறாள். இவ்வெண்ணங்களில் எழுவாயாக நிற்பவன் ஃபிராங்க், ஈவ்லின் செயப்படுபொருள். புது நாட்டில் மக்கள் தன்னை மதிப்பார்கள் என்று நினைக்கும்போதும், மதிக்கப்படுபவளாகவே தன்னைக் காண்கிறாள். 'நான் இதைச் செய்வேன்' என்ற வடிவில் அவளுக்கு எதிர்காலம் தோன்றுவதில்லை. ஃபிராங்க் மெய்யனாயினும் பொய்யனாயினும் இவ்வுண்மை மாறுவதில்லை. ஆகையால் அவன் குணம் பற்றிய வழக்கைத் தீர்க்காமலே கதையை நாம் வாசிக்க முடிகிறது.

இரு திசை நோக்கிய ஓர் அச்சம்

சன்னலோரத்தில் அவள் இரு பக்கங்களையும் நிறுத்துப் பார்க்கிறாள். தந்தையின் கொடுமை ஒரு தட்டில். தான் நோயுற்ற நாளொன்றில் அவர் பேய்க்கதை படித்துக் காட்டி ரொட்டி வாட்டிக் கொடுத்ததும், தாய் உயிரோடிருந்தபோது ஹௌத் குன்றில் தாயின் தொப்பியை அணிந்து பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததும் மறுதட்டில். கொடியவரிடம் எப்போதோ கிடைத்த இரண்டொரு இரக்கங்கள், கொடுமை முழுவதையும் ஈடுசெய்யும் எடை பெற்றுவிடுகின்றன. அத்தகைய வீட்டை அறிந்தோருக்கு இது புதிதன்று.

இறுதியில் போவதென்று எழுகிறாளே, அது இந்த நிறுத்தலின் விளைவன்று. தாயின் வாழ்வு பித்தில் முடிந்தமையை நினைத்ததும் ஓர் அச்சம் அவளை உந்துகிறது. தப்பவேண்டும் என்று துள்ளி எழுகிறாள். அடுத்து ஒரு சிறு இடைவெளி. அவள் துறைமுகத்தில் நிற்கிறாள். மடியிலிருந்த இரு கடிதங்களை எங்கு வைத்தாள்? வீட்டுக் கதவை எப்படிச் சாத்தினாள்? எவ்வழியாக வந்தாள்? ஜாய்ஸ் சொல்லவில்லை. ஒரு முடிவு செயலாக மாறுவதற்கு உரிய படிகள் அனைத்தும் அவ்விடைவெளியில் விடப்பட்டுள்ளன. இதனைக் கதைக்கட்டின் சிக்கனம் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. அவள் நடந்து வந்ததாக உணரவேயில்லை என்றும் கொள்ளலாம்.

துறைமுகத்தில் அதே அச்சம் திசை மாறுகிறது. உலகத்துக் கடலெல்லாம் தன் நெஞ்சில் மோதுவதாகவும், அவற்றுள் ஃபிராங்க் தன்னை இழுத்து மூழ்கடிப்பதாகவும் உணர்கிறாள். வீட்டில் அவளை எழுப்பிய அச்சமும் இங்கே அவளை நிறுத்தும் அச்சமும் ஒன்றே. இரு ஆசைகளுக்கிடையே தடுமாறுவதைத்தான் நாம் வழக்கமாகத் தீர்மானமின்மை என்போம். இங்கு ஆசையே இல்லை. ஓர் அச்சம் இருபுறமும் முகம் காட்டுகிறது. தன் கடமை எதுவெனக் காட்டுமாறு அவள் இறைவனை வேண்டுவதும் கருதத்தக்கது. அந்த இறுதிக் கணத்திலும் விடையைப் பிறரிடமே கேட்கிறாள். விடை வரவில்லை, கப்பலின் மணி ஒலிக்கிறது, கைகள் கம்பியைப் பற்றிக்கொள்கின்றன.

செலவழுங்கலும் போகாமையும்

நம் அகமரபு இவ்வகைச் சூழல்களை நன்கறியும். தலைவனோடு தலைவி வீடு நீங்கிச் செல்லும் உடன்போக்கும், பிரியப் புறப்பட்ட தலைவன் தயங்கி நிற்கும் செலவழுங்கலும் நமக்குப் பழகிய துறைகள். தலைவன் தயங்குவது போகாமைக்காக அன்று, தலைவியைத் தேற்றும் பொருட்டே என்று தொல்காப்பியம் கற்பியலில் விளக்குகிறது. அதாவது நம் மரபில் தயக்கத்திற்கு ஒரு பயன் உண்டு. பிறர் ஒருவரின் துயரை அது தணிக்கிறது. ஈவ்லினின் தயக்கம் எவரையும் தேற்றவில்லை. கம்பிக்கு அப்பாலிருந்து அழைக்கும் காதலனுக்கு அவள் கண்களில் அன்பின் குறிப்புமில்லை, விடைபெறும் குறிப்புமில்லை.

மற்றொரு வேறுபாடும் உண்டு. உடன்போக்கில் மகள் சென்ற பின்னரே நற்றாயும் செவிலியும் புலம்புவர். தாயின் புலம்பல் மகளின் செலவைத் தடுப்பதில்லை; பின்தொடர்கிறது. இக்கதையில் இறந்துபோன தாயின் குரல் முன்னதாகவே வந்து வழியை அடைத்து நிற்கிறது. புதுமை இலக்கியத்தில் உளமுடக்கம் நுழைந்த வாயில் இதுவே எனலாம். நிகழ்வுக்குப் பின் எழவேண்டிய துயரம் நிகழ்வுக்கு முன்பே எழுந்து, நிகழ்வையே இல்லாமற் செய்துவிடுகிறது.

1915இல் அச்சான எலியட்டின் ப்ரூஃப்ராக் கவிதையும் தயங்குபவனைப் பற்றியதே. கவிஞர் பலரும் அதனை நன்கறிவர். ஆயின் ப்ரூஃப்ராக் ஓய்வுடையவன். தன் தயக்கத்தைத் தானே நகைத்துப் பேச வல்லவன். ஈவ்லினுக்கு அந்த ஓய்வும் இல்லை, அச்சொல்வளமும் இல்லை. முடக்கத்திலும் வர்க்க வேறுபாடு உண்டு.

போனவளும் நூலும்

கதை வெளியான இருபத்தெட்டாம் நாள், 1904 அக்டோபர் 8 அன்று, ஜாய்ஸ் டப்ளினை விட்டுக் கப்பலேறினார். உடன் சென்றவர் நோரா பார்னக்கிள். கால்வே ஊரினர், டப்ளின் விடுதியொன்றில் பணிப்பெண்ணாக இருந்தவர், வயது இருபது. இருவரும் அறிமுகமாகி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஃபிராங்க் மணமும் வீடும் தருவதாகச் சொன்னான். ஜாய்ஸ் மணம் செய்துகொள்வதாகவும் சொல்லவில்லை. அவர்கள் சட்டப்படி மணந்தது 1931இல்தான். ஆயினும் நோரா சென்றார்.

ஜாய்ஸின் குடும்பத்தில் மற்றொரு பெண்ணும் உண்டு. 1903 ஆகஸ்டில் தாய் இறந்தபோது தங்கை மார்கரெட்டுக்கு வயது பத்தொன்பது. தம்பி தங்கையரைப் பேணும் சுமை அவர் மீது விழுந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1909இல் அவர் துறவியாகி நியூசிலாந்து சென்றார். தங்கையைக் கண்ணெதிரே கண்டவர், நோராவின் விடைக்காகக் காத்திருந்தவர், தாயின் கட்டிலருகே நின்றவர் எழுதிய கதை இது. தான் போவதென்று துணிந்தவர், போக இயலாதவளை இகழாமல் எழுதினார் என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

டப்ளின் கதைகளின் தொகுதியைப் பற்றி அதே 1904இல் நண்பர் ஒருவருக்கு எழுதுகையில், பலரும் நகரமென்று எண்ணும் பக்கவாதத்தை வெளிப்படுத்துவதே தம் நோக்கமென ஜாய்ஸ் குறித்தார். நூல் வெளிவருவதற்குள் அதுவும் பத்தாண்டு முடங்கிக் கிடந்தது. கிராண்ட் ரிச்சர்ட்ஸ் 1906இல் ஏற்றுப் பின் மறுத்தார். டப்ளினின் மான்செல் நிறுவனத்திற்காக அச்சிடப்பட்ட தாள்கள் 1912இல் அழிக்கப்பட்டன. அன்று நகரை நீங்கிய ஜாய்ஸ் அதன் பின் அயர்லாந்து திரும்பவில்லை. 1914 ஜூனில் அதே ரிச்சர்ட்ஸே 'டப்ளினர்கள்' நூலை வெளியிட்டார். அதிலுள்ள பதினைந்து கதைகளில் 'ஈவ்லின்' நான்காவது.

நம் வட்டத்துக் கவிஞர்கள் இக்கதையிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. போனவர்களைப் பாடப் பல துறைகள் நம்மிடம் உள்ளன. போக இயலாமல் நின்றவர்களைப் பாட மிகச் சிலவே. நின்றவரைத் தியாகி என்று புகழ்வது எளிது. கோழை என்று தள்ளுவதும் எளிது. அவர் கையில் என்ன இருந்தது, எவருடைய சொற்கள் அவர் செவியில் ஒலித்தன, வாரக் கூலி யாரிடம் சென்றது என்று கேட்டறிந்து எழுதுவது அரிது. 1904இல் ஓர் இளைஞர் ஒரு வேளாண் ஏட்டின் சில பக்கங்களில் அதனைச் செய்தார். கம்பியைப் பற்றிய அக்கைகளுக்கு அவர் எப்பெயரும் இடவில்லை. நாமும் அவசரப்பட்டு இடவேண்டியதில்லை.